கை தடவிய சுவர்

"சோபாவை நடுவுல போட்டா அத்தைக்கு யாரு சொல்லுவா?"

எட்டு மாதங்களுக்கு முன்னால் அந்த வீட்டின் ஆறு வயதுப் பெண் குழந்தை கேட்ட கேள்வி இது. கையில் பால் தம்ளர், மேலுதட்டில் பால் மீசை. வீட்டை அலங்கரிக்க வந்திருந்தவள் அப்போது ஏணியின் மேல் நின்று திரைச்சீலைக் கம்பிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். பல்லிடுக்கில் இருந்த பென்சிலை எடுக்காமலே, "நான் சொல்லிடுறேன், நீ போய் விளையாடு" என்றாள். குழந்தை உடனே போய்விடவில்லை. சொல்வாளா மாட்டாளா என்று பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போனது.

இன்று மதியம் இரண்டரை மணிக்கு அதே வீட்டின் பூட்டைத் திறந்து உள்ளே வந்தவள் இரண்டு கைகளிலும் பைகளோடு அப்படியே நின்றாள். கூடத்துச் சுவரில் அந்தக் கோடு மறுபடியும் வந்திருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. பயம் வர நேரமாயிற்று.

பென்சில் கோடு அல்ல அது. இடுப்பு உயரத்தில், நான்கு விரல் அகலத்தில், படுக்கையறை வாசலிலிருந்து கூடத்தின் கடைசிவரை ஓடும் ஒரு பிசுக்கு. பல வருடங்கள் ஒரே கை ஒரே இடத்தைத் தடவிக்கொண்டே நடந்தால் சுவர் மழுங்கிப் பழுப்பேறுமே, அதுதான். வீட்டுக்காரரின் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. குழந்தைக்கு அத்தை என்பதால் அந்த வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்குமே அவர் அத்தைதான். அத்தையின் கை போட்ட கோடு அது. எட்டு மாதங்களுக்கு முன்னால் இவள்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லி, பட்டி பூசி, பிரைமர் அடித்து, அதன்மேல் சாம்பல் கலந்த பச்சை இரண்டு தடவை ஏற்றி அதை மறைத்தாள். ஆறு மாதங்களுக்கு முன்னால் அத்தை இறந்துபோனார். அதற்கப்புறம் மூன்று முறை அடித்தாகிவிட்டது. மூன்று முறையும் கோடு திரும்பி வந்திருந்தது.

பெயிண்டரை அழைத்தாள். அவர் இவளை 'இன்ச் அக்கா' என்பார். எதையும் அங்குலக் கணக்கில்தான் சொல்லுவாள் என்பதால் வைத்த பெயர். பிரைமரில் தண்ணீர் கலந்து ஏமாற்றிவிட்டதாக இவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"இன்ச் அக்கா, நான் சுவத்துக்கு அடிக்கிறேன், சுவரு என்னைத் திருப்பி அடிக்குது. நாலாவது தடவைக்கு வேற ஆளைப் பாருங்க" என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தாள். சிரிக்கவில்லை.

நாளைக் காலை வீட்டை வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். அத்தையின் இறப்புக்குப் பிறகு மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போய்விட, வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார். ஆறு மணிக்கு வந்து இரவு இங்கேயே தங்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வீட்டைச் சிங்காரித்து வைக்க வேண்டும். ஆள் வாழ்ந்த வீடு மாதிரி இருக்கணும், ஆனால் யார் வாழ்ந்தார்கள் என்று தெரியக்கூடாது என்பது அவருடைய உத்தரவு.

சரி, கோட்டை எதையாவது வைத்து மறைக்கலாம் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

பழைய கோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். இது அப்படி ஓடவில்லை. படுக்கையறை வாசலிலிருந்து நேராக வந்து, மூலையில் திரும்பி, இப்போது புத்தக அலமாரி நிற்கும் இடத்துக்கு வந்ததும் சிதறியிருந்தது. மேலே ஏறியிருந்தது. கீழே இறங்கியிருந்தது. அலமாரியின் பக்கவாட்டில், புது வெள்ளை மரத்தில், ஐந்து விரலும் விரிந்த முழு உள்ளங்கைகள். ஒன்றின் மேல் ஒன்றாக இருபது, முப்பது.

தடவிய கை அல்ல. அறைந்த கை.

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. துணியைத் தரையில் வீசிவிட்டு, யார் மேல் என்று தெரியாத ஆத்திரத்தோடு பைகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.

வேலை தெரிந்தவள் அவள். எல்லாச் சாமான்களையும் சுவரோடு ஒட்டிப் போட்டால் எந்த அறையும் ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருக்கிற கூடம் போலாகிவிடும். சோபாவைச் சுவரைவிட்டு இழுத்து நடுவில் போடு, எதிரே ஒரு டீபாயை வை, கீழே ஒரு விரிப்பைப் போடு, உடனே அறைக்கு ஒரு நெஞ்சுக்கூடு வந்துவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அப்படித்தான் இந்தக் கூடத்தையும் மாற்றினாள். சுவரோரமாக இருந்த சாமான்கள் நடுவுக்கு வந்தன. கண்ணாடிப் பலகை போட்ட டீபாய், கூடத்தின் குறுக்கே ஓடிய வெற்று வழியில் வந்து உட்கார்ந்தது. அந்த வழி ஏன் முப்பது வருடங்களாக வெற்றாக இருந்தது என்று அவள் யோசிக்கவில்லை. அந்தக் குழந்தை யோசித்திருந்தது.

மெத்தைத் திண்டுகளுக்குக் கடுகு மஞ்சள் உறை மாட்டிக்கொண்டிருக்கும்போது வலதுகைச் சுட்டுவிரலின் பழைய தழும்பு கண்ணில் பட்டது. அளவெடுக்க வந்த முதல் நாள் டேப்பின் எஃகு விளிம்பு கிழித்தது. பக்கத்தில் உட்கார்ந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தைக்கு ரத்த வாசனை தெரிந்துவிட்டது. கைக்குட்டையைக் கிழித்து, தொட்டுத் தொட்டுக் கட்டுப்போட்டார். சொந்த அம்மாகூட அவ்வளவு பொறுமையாகக் கட்டியிருக்க மாட்டாள்.

"என்ன கலர் அடிக்கப்போற?" என்று கேட்டார்.

பச்சை என்றாள். பச்சை எப்படி இருக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டபோது, யோசித்து, மழை விட்டதும் செடிப் பக்கம் போனால் ஒரு வாசனை வருமே, அது மாதிரி என்றாள். அத்தை வாய்விட்டுச் சிரித்தார். ஆகா, அப்படியானால் நன்றாக அடி என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்தார்.

"எனக்குக் கண்ணு கால்லதான் இருக்கு. கட்டில்லேர்ந்து வாசல் ஏழடி. திரும்பி நாலடி. அப்புறம் நேரா தெருக்கதவு. மாத்துறது தப்பில்லைம்மா, எனக்கும் புதுசு பிடிக்கும். சொல்லாம மாத்துறதுதான் தப்பு. எல்லாம் முடிஞ்சதும் ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிடு. கையைப் பிடிச்சு இழுக்காதே, எனக்குப் பிடிக்காது. முழங்கையைக் குடு, நான் பிடிச்சுக்கிறேன்."

கண்டிப்பாகக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

வேலை நடந்த நாட்களில் அத்தையை ஓர் உறவினர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்ததும், பெயிண்ட் வாடை இறங்கட்டும் என்று அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்த அன்று மாலை வீட்டுக்காரர் போன் செய்தார். அக்கா வந்துவிட்டாள், உங்களைத்தான் கேட்கிறாள், பத்து நிமிடம் வந்து காட்டிவிட்டுப் போக முடியுமா என்றார். அவள் வேறொரு வீட்டில் நின்று விளக்குக் கூண்டு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வருகிறேன் என்றாள். பத்து நிமிடம். கடவுள் ஒரு நாளில் எத்தனை பத்து நிமிடங்களை வைத்திருக்கிறார், அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே அத்தை டீபாயில் இடறிக் கண்ணாடியின் மேல் விழுந்தார்.

துக்கம் கேட்கப் போனபோது வீட்டுக்காரர், "உங்க மேல தப்பே இல்ல மேடம், நேரம்" என்றார். அந்த ஆறுதலை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தப்பு என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

திண்டுகளை சோபாவின் மேல் ஓங்கி எறிந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதை எடுத்தபோதுதான் சத்தம் கேட்டது.

படுக்கையறைக்குள் வெறுங்கால் தரையில் பதியும் சத்தம். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. குளித்துவிட்டு வந்தவர்களின் ஈரப் பாதம் பளிங்குத் தரையிலிருந்து பிரியும்போது சின்னதாய் ஒட்டி விடுமே, அப்படி. அதனோடு சேர்ந்து, சுவரை உரசும் காய்ந்த உள்ளங்கையின் சரசரப்பு. வெளியே நல்ல வெயில். திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சம் தரையில் கட்டம் கட்டமாய்க் கிடந்தது. எதிர் வீட்டு வானொலியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து. ஆறு. ஏழு.

வாசலில் யாரும் இல்லை.

சரசரப்பு வாசலைத் தாண்டிக் கூடத்துச் சுவருக்கு வந்தது. மூலையில் திரும்பியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

நின்றது.

டீபாயின் விளிம்பில், புதிதாக மாற்றிப் போட்ட கண்ணாடியில், நகம் பட்டதுபோல் மெல்லிய 'கிண்' என்ற ஓசை.

அதற்குப் பிறகு அலமாரி அறைபட்டது. ஒருமுறை. இன்னொரு முறை. பிறகு நிற்காமல். பட், பட், பட், பட். புத்தகங்கள் குதித்தன. கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுகிறவர்கள் நடுநடுவே நிறுத்திக் காது கொடுப்பார்கள். இதற்கு அந்த நிறுத்தம் இல்லை. வெள்ளை மரத்தில் புதுக் கைகள் ஒவ்வொன்றாய் விழுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெருக்கதவு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் டீபாய். டீபாயின் பக்கத்தில் அது.

வேண்டிக்கொள்ளப் பார்த்தாள். தினமும் தூங்கப் போகும்முன் சொல்லுகிற நாலு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நாக்கு 'நாளைக்கு, நாளைக்கு' என்றே புரண்டது.

அறையும் சத்தம் அடங்கியது. ஈரப் பாதங்கள் படுக்கையறைக்குத் திரும்பின. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஒன்று. இரண்டு.

போனை எடுத்து வீட்டுக்காரரை அழைத்தாள். இன்றைக்கு வராதீர்கள் என்றாள். ஏன் என்றார். அத்தை இங்கேதான் இருக்கிறார், ரொம்பக் கோபமாக இருக்கிறார் என்றாள்.

அந்தப் பக்கம் வண்டிகளின் இரைச்சலுக்கு மேலாக அவர் குரலை உயர்த்தினார்.

"மேடம், பூச்சாடி வைக்கச் சொன்னா பூச்சாண்டி காட்டுறீங்க. வேலைய முடிங்க."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? அவங்க விழுந்தப்போ?"

கேட்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஆறு மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி அது, தானாக வந்துவிட்டது. அவர் எரிந்து விழுந்தார். எங்கே இருப்பேன், என் நாற்காலியில்தான் இருந்தேன், டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, டேய் வழி எங்கடா என்று கேட்டாள், இரண்டு நிமிடம் இரு, ஓவர் முடியட்டும் என்றேன், அவளுக்குத்தான் பொறுமை கிடையாதே, இதெல்லாம் உங்களிடம் நான் ஏன் சொல்ல வேண்டும் என்றார்.

"நீங்க எந்திரிக்கல" என்றாள்.

"நீங்க வரல" என்றார்.

தொடர்பு அறுந்தது. ஆறு. ஏழு. திரும்பல்.

அவள் சோபாவின் மேல் பாய்ந்தாள். தள்ளினாள். எல்லாவற்றையும் பழையபடி சுவரோடு போட்டுவிட்டால் போதும், வழி திறந்துவிடும், அது தெருக்கதவு வழியாகப் போய்விடும். மூச்சு முட்டத் தள்ளினாள். சோபாவின் கால்கள் தரையைக் கீறிக்கொண்டு இரண்டடி நகர்ந்தன.

சோபாவின் முதுகில் அறை விழுந்தது. அவள் முகத்துக்கு ஓர் அங்குலத்தில். கன்னத்தில் காற்றுப் பட்டது. கடுகு மஞ்சள் திண்டின் நடுவில் ஓர் உள்ளங்கைப் பள்ளம். பள்ளம் எழவில்லை. அழுந்தியபடியே இருந்தது.

கைக்குட்டையின் வாசனை வந்தது. நாள்பட்ட பெட்டியில் மடித்து வைத்த துணியின் வாசனை.

மறுபடியும் சொல்லாமல் மாற்றுகிறாள்.

அவளுக்குப் புரிந்தபோது சோபாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழைய வழியை யாரும் கேட்கவில்லை. புது வழியைச் சொல்லத்தான் கேட்டார்கள். ஆறு மாதமாக ஒருவர் ஏழும் நாலும் எண்ணி வந்து, அதே இடத்தில், அதே டீபாயில். தன் வீட்டிலேயே வழி தெரியாமல். எந்த மனுஷிக்கும் கோபம் வரும்.

எழுந்தாள். சோபாவை இழுத்து அது இருந்த இடத்திலேயே போட்டாள். படுக்கையறை வாசலுக்குப் போனாள். போவதற்கு வெகு நேரம் ஆயிற்று. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது முழங்கையை மடித்துப் பின்னால் நீட்டினாள்.

"வாங்கம்மா" என்றாள். "நான் காட்டுறேன்."

வானொலியில் செய்தி முடிந்திருந்தது. கட்டம் கட்டமான வெயில் சுவரேறி மங்கிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து. ஆறு.

முழங்கையின் மேல் விரல்கள் விழுந்தன.

குளிர். எலும்பு வரைக்கும் இறங்கும் குளிர். நான்கு விரல் முன்னால், கட்டை விரல் பின்னால். இறுக்கமாக.

நடந்தாள். நடக்க நடக்கச் சொன்னாள். இது புத்தக அலமாரி, மூலையிலிருந்து நாலடி, உங்க தோள் உயரம். இது சுவர், பச்சை, அன்றைக்குச் சொன்னேனே, அந்த வாசனைப் பச்சை. இது நிலைவிளக்கு, ஒயர் ஓரமாகப் போகிறது, காலில் படாது. இது சோபாவின் முதுகு. ஒவ்வொரு பொருளிலும் அந்தக் கை கொஞ்சம் அவளை விட்டு, போய்த் தொட்டுப் பார்த்து, திரும்பி வந்து பிடித்துக்கொண்டது. துணி நெளிந்தது. விளக்குக் கூண்டு ஆடி நின்றது.

டீபாய் வந்தது. அவள் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள்.

விரல்கள் விடவில்லை.

அவளுடைய வலது கை பிடித்து இழுக்கப்பட்டது. கண்ணாடியின் முனையில் வைத்து அழுத்தப்பட்டது. தழும்பு விரல். இன்னும் அழுத்தம். தோல் கிழிந்தது. இது என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டது போலத்தான் இருந்தது.

"டீபாய்" என்றாள். இன்னும் அழுத்தம். "நான்தான் இங்க போட்டேன். வந்து சொல்றேன்னு சொன்னேன். வரல."

அழுத்தம் நின்றது. குளிர்ந்த விரல் ஒன்று காயத்தைத் தடவியது. சுற்றி. இன்னொரு சுற்று. கட்டுப்போடுவதுபோல.

அவள் அழுதுகொண்டே நடந்தாள். இரண்டடி பக்கவாட்டில். பிறகு நேராக ஆறு. தெருக்கதவுக்கு முன்னால் கடைசியாக ஒன்று இருந்தது. டிவியைப் பார்த்தபடி, சாய்மானம் வைத்த பெரிய தோல் நாற்காலி.

"இது உங்க தம்பி நாற்காலி" என்றாள்.

கை அவளை விட்டுப் போனது. வெகு நேரம் திரும்பவில்லை. தோலின் மேல் விரல்கள் ஊர்ந்தன. கைப்பிடி. முதுகு. உயரம். தலை சாயும் இடத்தில் வருடக்கணக்காய் விழுந்திருந்த எண்ணெய்ப் பள்ளத்தில் தங்கின. அங்கேயே தங்கின. அளவெடுப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு முழங்கையில் ஒரு தட்டு. போய் வா என்பதுபோல், மெதுவாக.

வெளியே வந்து பூட்டினாள். சுட்டுவிரலில் ரத்தம் நின்றிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. கொடுத்த வாக்கை இப்போது தீர்த்தது அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். மணி ஐந்து ஐம்பது. வீட்டுக்காரரை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். வராதீர்கள் என்று எழுதி அனுப்பினாள். அவர் பார்க்கவில்லை.

உள்ளே காலடி கேட்டது.

ஏழு. திரும்பி நாலு. நிற்கவில்லை. எதிலும் மோதவில்லை. சுவரைத் தடவவும் இல்லை. இரண்டடி பக்கவாட்டில், டீபாயைச் சுற்றி. பிறகு நேராக, வேகமாக, கண்ணுள்ளவர்கள் நடப்பதுபோல், ஆறு.

கனமான ஏதோ தரையில் இழுபடும் சத்தம்.

ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையின் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். நாற்காலி டிவியைப் பார்க்கவில்லை. தெருக்கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் தோல் மெல்ல உள்ளே அழுந்தியது, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாற்போல். இரண்டு கைப்பிடிகளிலும் நான்கு நான்கு விரல் பள்ளங்கள் விழுந்து, காத்திருந்தன.